கண்மாயில் ஏது உப்பு?

மீன் பிடிக்கும் யந்திரம் ஒன்றைப் பழுது பார்த்த கதையைச் சொல்லப் போகிறோம். உடனே சைவ நேயர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தக் கட்டுரையின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில் எந்த மீனின் உயிருக்கும் அபாயம் நேராது என்று இப்போதே வாக்குக் கொடுத்துவிடுகிறோம். அபாயம் நேர்ந்ததெல்லாம் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயரின் மானத்துக்குத்தான்.

மதுரைக்காரர்களுக்கு மீன் அந்நியமல்ல. அம்பிகையின் திருநாமத்திலேயே மீன் இருக்கிறது. பாண்டியன் கொடியில் மீன் பறந்தது. நாம் குடியிருக்கும் தல்லாகுளத்தின் பெயரிலோ ஒரு குளமே இருக்கிறது. ஆயினும் நாற்பத்தாறு வயதான, சர்வகலாசாலைப் பட்டம் பெற்ற, பௌதிக பாடம் போதிக்கிற ஒரு மனிதர் தோளில் தூண்டில் கம்புடன் அழகர்கோயில் சாலையில் நடந்து போனால், எதிர்ப்படும் பெற்றோர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். நம் ஊரில் தூண்டில் என்றால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையனின் அடையாளம். வெள்ளைக்காரத் துரை பிடித்தால் மட்டும் அது வேறு விஷயம். மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹெச். எஸ். தாமஸ் என்பவர் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873-ஆம் ஆண்டில் ஒரு புத்தகம் எழுதினார். அது போதாதென்று, ஏரி குளங்களில் மீன் பிடிப்பதற்கென்றே 1887-இல் இன்னொன்றும் எழுதினார். மூங்கில் கம்பும் மண்புழுவுமாக நம் கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருந்த பையன்களுக்கு அப்போதும் முதுகில் அடிதான் கிடைத்திருக்கும்.

நிற்க, கதைக்கு வருவோம்.

நம் தகப்பனார் ஒரு பஞ்சாலையில் பிட்டராக இருந்தவர். 1892-ஆம் ஆண்டில் ஹார்வி கம்பெனியார் மதுரையில் நூற்பாலை வைத்தது முதல், இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்கள் ஆலைச் சங்கின் ஓசைக்கு எழுந்து, ஆலைச் சங்கின் ஓசைக்கு உறங்கி வளர்ந்திருக்கின்றன. நம் குடும்பமும் அப்படிப்பட்டதுதான். ரிங் பிரேம் என்னும் நூற்பு யந்திரங்களுக்கு வைத்தியம் பார்ப்பது தகப்பனாரின் உத்தியோகம். 2007-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றபோது கையில் வந்த பணத்தில், அம்மாவுக்கு ஒரு ஜோடி வளையல் வாங்கினார்; தமக்கு ஒரு தூண்டில் கம்பும் ரீலும் வாங்கிக்கொண்டார். ஆயுளில் அவர் தமக்கென்று செய்துகொண்ட ஒரே ஆடம்பரம் அதுதான் என்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏதேனும் ஒரு கண்மாய்க் கரைக்குப் போய்விடுவார். திரும்பி வந்ததும் ரீலைத் துடைத்து, நீல நிறப் பெட்டியில் வைத்து மூடிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

2019-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அம்மா நோயில் விழுந்தாள். அதன் பிறகு அவர் பெட்டியைத் திறக்கவில்லை. 2021-இல் அம்மா போய்விட்டாள். அதன் பிறகு பெட்டியைப் பற்றிப் பேசவுமில்லை. அது பரணுக்குப் போயிற்று. ஒரு வருஷ காலமாக அவருடைய வலது கையில் நடுக்கம் வேறு கண்டிருக்கிறது. காப்பியை டம்ளரில் பாதியளவுதான் ஊற்றச் சொல்லுவார். ஏனென்று நாம் கேட்பதில்லை; அவரும் சொல்லுவதில்லை.

சென்ற ஐப்பசியில் நல்ல மழை பெய்தது. ஒரு நாள் மாலை பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "கண்மாயெல்லாம் பெருகியிருக்குமே! அந்த ரீல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

நாலு வருஷங்களாக அவர் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. ஆகையால் வீட்டிலே ஒரே பரபரப்பு. நாம் மட்டும் பரணில் ஏறும்போது மனத்துக்குள் மீனாட்சியம்மனை வேண்டிக்கொண்டே ஏறினோம். வேண்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அதை அன்று நாம் யாரிடமும் சொல்லவில்லை. நேயர்களிடமும் சற்றுப் பொறுத்தே சொல்லுவோம்.

பெட்டியைத் திறந்து கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தோம். அசையவில்லை. பலமாகச் சுற்றினோம். அம்மியில் மணல் அரைபடுவது போன்ற ஒரு சத்தத்துடன் கால் சுற்று வந்து நின்றுவிட்டது. "காலையில் சரி செய்து தருகிறேன், அப்பா. சின்ன விஷயம்தான்" என்று சொல்லிவிட்டு, அவர் படுக்கப் போகும் வரையில் காத்திருந்தோம்.

இந்த ரீலைப் பார்த்திராத நேயர்களுக்கு இரண்டு வார்த்தை. கம்பின் அடிப்புறத்தில் தொங்கும் சிறிய யந்திரம் இது. நூற்கண்டு போன்ற ஒரு சுருள், கம்பின் நுனியைப் பார்த்தபடி திரும்பாமல் நிற்கும். கைப்பிடியைச் சுற்றினால், அந்தச் சுருளைப் பிரதட்சிணம் செய்வது போல ஒரு தலை சுழலும். அத்தலையில் உள்ள கம்பி வளையம் தூண்டில் நரம்பைப் பிடித்து, குன்றிமணி அளவுள்ள ஓர் உருளையின் மேலாகக் கொண்டுபோய்ச் சுருளில் சுற்றிவிடும். நம்முடையதில் கைப்பிடி ஒரு முறை சுற்றினால் தலை ஐந்து முறை சுற்றும். வீசுகிறபோது கம்பி வளையத்தை நிமிர்த்திவிட வேண்டும். நரம்பு சுருளின் முனை வழியாக வளையம் வளையமாக நழுவிப் பறக்கும். பெரிய மீன் இழுத்தால் நரம்பு அறுந்துவிடாமல் இருப்பதற்காகச் சுருளின் உச்சியில் டிராக் என்று ஒரு திருகு உண்டு. இழுப்பு ஓர் அளவுக்கு மேல் போனால் சுருள் வழுக்கிச் சுழன்று நரம்பை விட்டுக்கொடுக்கும். கைப்பிடி பின்பக்கமாகச் சுழலாதபடி தடுக்க உள்ளே ஒருவழிப் பேரிங் ஒன்றும் இருக்கிறது. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நினைத்துத்தான் நாமும் திருப்புளியைக் கையில் எடுத்தோம். இருபது வருஷங்களாகக் கரும்பலகையில் பற்சக்கரங்கள் வரைந்திருக்கிறோம். வரைந்த சக்கரங்களில் ஒன்றாவது துருப்பிடித்ததில்லை. ஒன்றிலிருந்தாவது வில் தெறித்து ஓடியதில்லை. இந்த ரீலோ இரண்டாவது திருகைக் கழற்றியதுமே ஒரு வில்லை நம் மூக்குக்கு நேராக வீசிவிட்டது. அது பீரோவுக்கு அடியில் எங்கேயோ போய் மறைந்தது. கழற்றிய பாகங்களை வரிசை தவறாமல் வைப்பதற்கு, நமக்குத் தோன்றிய வரையில், இட்லித் தட்டைவிட உத்தமமான பாத்திரம் உலகத்தில் இல்லை. ஒரு குழிக்கு ஒரு பாகம். மறுநாள் காலையில் நம் மனைவி இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிக் கொண்ட அபிப்பிராயத்தை இங்கே எழுதுவது உசிதமல்ல.

தையல் மெஷின் எண்ணெயை வஞ்சனையில்லாமல் விட்டோம். மோட்டார் சைக்கிளுக்கு வாங்கி வைத்திருந்த கிரீஸைக் கண்ட இடத்திலெல்லாம் அப்பினோம். பீரோவை நகர்த்தி வில்லையும் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் பூட்டியபோது இரவு இரண்டு மணி. கைப்பிடி சுழன்றது! ஆனால் முன்னால் சுழன்ற அதே சுலபத்துடன் பின்னாலும் சுழன்றது. மீன் இழுத்தால் கைப்பிடி நம் விரல்களைப் பதம் பார்க்கும். அரைபடும் சத்தமோ போகவில்லை. கிரீஸுக்குள் முழுகிக் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டது, அவ்வளவே.

"என்ன வாத்தியாரே, முதலில் பார்த்தாயா? முதலில் எண்ணெய் விட்டாயா?"

தகப்பனார் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, நம்மேல் கோபம் வந்தாலும் பிரியம் வந்தாலும் அவர் கூப்பிடுவது 'வாத்தியாரே' என்றுதான். இது எந்த ரகம் என்று தெரியவில்லை.

"எண்ணெய்தான் விட்டேன்" என்றோம்.

"நோயாளி என்ன சொல்லுகிறான் என்று கேட்காமலே மருந்தைப் புகட்டிவிட்டாய். சரி, விளக்கை நன்றாகப் போடு. எல்லாவற்றையும் திரும்பக் கழற்று. நான் சொல்லுகிறேன், நீ செய்."

அவர் கையை நீட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வலது கையை இடது கக்கத்தில் இடுக்கியபடி உட்கார்ந்தார். விடியும் வரையில் ஒரு திருகைக்கூட அவர் தொடவில்லை.

"முதலில் நரம்பை எடு" என்றார். "யந்திரம் கெட்டதா, அதில் ஓடுகிற சரக்குக் கெட்டதா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். மில்லில் நூல் அறுந்தால் புதுப் பையன் யந்திரத்தை வைவான். பழையவன் பஞ்சைக் கையில் எடுத்துப் பார்ப்பான்."

சுருளிலிருந்து ஒரு பாகத்துக்கு நரம்பை இழுத்து, இரண்டு முனைகளையும் பக்கத்தில் கொண்டுவந்தோம். அது உடனே தன்னைத்தானே கட்டிப் பிடித்துக்கொண்டு பாம்புகள் பிணைவது போல முறுக்கிக்கொண்டது. தகப்பனார் அதையே சற்று நேரம் பார்த்தார்.

"இது நான் சுற்றிய நரம்பல்ல" என்றார்.

"அதே நரம்புதான், அப்பா."

"நரம்பு அதுவாக இருக்கலாம். சுற்றியது நானல்ல."

அப்போது நமக்கு நெற்றியில் வேர்த்தது என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். எப்படிக் கண்டுபிடித்தார் என்று விளங்க வேண்டுமானால், நேயர்கள் தையற் பெட்டியிலிருந்து ஒரு நூற்கண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். கண்டைப் பென்சிலில் கோத்து உருளவிட்டு இழுத்தால், நூல் முறுக்கேறாமல் நேராக வரும். கண்டை மேசைமேல் நிறுத்தி வைத்து, உச்சி வழியாக மேலே இழுத்தால் அப்படியல்ல. நழுவுகிற ஒவ்வொரு வளையத்துக்கும் நூலில் ஒரு முறுக்கு விழும். கைராட்டையில் நூற்கிறவர்களுக்கு இது பாலபாடம். கதிரின் நுனியிலிருந்து நூல் நழுவும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு. அந்த முறுக்குத்தான் பஞ்சை நூலாக்குகிறது. தகப்பனார் ஆரம்பப் பள்ளியில் தக்களி சுற்றிய தலைமுறையைச் சேர்ந்தவர். நம் சிறு பிராயத்தில் தமுக்கத்து அரண்மனையில் உள்ள காந்தி மியூசியத்துக்கு அவர் அழைத்துப் போகும்போதெல்லாம், 1921-ஆம் ஆண்டு செப்டம்பரில் மகாத்மா இந்த ஊரிலே, மேலமாசி வீதியிலே, மேற்சட்டையைத் துறந்து முழத்துண்டை உடுத்திய கதையைச் சொல்லுவார். சொல்லி முடித்ததும் கதிர், முறுக்கு, நம்பர் என்று ஆலைப் பேச்சில் இறங்கிவிடுவார்.

ரீலிலும் இதே சமாசாரந்தான். அசையாத சுருளின்மேல் நரம்பைச் சுற்றுகிறபோது சுற்றுக்கு ஒரு முறுக்கு ஏறும். வீசுகிறபோது அதே சுற்றுக்கு ஒரு முறுக்கு இறங்கும். வரவும் செலவும் சரியாகப் போகும். ஆனால், பெரிய மீன் ஒன்று இழுத்துச் சுருள் வழுக்கிக்கொண்டிருக்கும்போது, பதறிப்போய்க் கைப்பிடியையும் சுற்றுகிறவனுக்குக் கணக்குத் தவறிவிடும். நரம்பு ஓர் அங்குலம்கூட உள்ளே வராது. தலை மட்டும் சுழலும். கைப்பிடியின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து முறுக்கு வெளியே இருக்கும் நரம்பில் போய் ஏறும். நூலுக்கு உயிராக இருக்கும் முறுக்கு நரம்புக்கு எமனாக வந்து சேரும்.

"மீன் ஓடும்போது நான் சுற்றமாட்டேன்" என்றார் தகப்பனார். "யாரோ பெரிய மீனிடம் ராட்டினம் சுற்றியிருக்கிறார்கள். சரி, மேலே கழற்று."

நம் தலை குனிந்தது. திருப்புளி மேலே நடந்தது. ஒவ்வொரு பாகமாக மண்ணெண்ணெயில் கழுவிப் பழந்துணியில் பரப்பினோம். ஒரு சமயத்தில் ஒரு மாறுதல்தான் செய்ய வேண்டும், இரண்டு செய்தால் எதனால் குணமாயிற்று என்று தெரியாது என்பது அவருடைய சட்டம். நாமும் இதையேதான் பரிசோதனைச் சாலையில் பையன்களுக்கு வருஷந்தோறும் சொல்லுகிறோம். இரவு ஒன்பது மணிக்கு நமக்கு அது ஞாபகம் வரவில்லை.

ஒருவழிப் பேரிங்கைக் கையில் எடுத்ததும், "இதற்குள் கிரீஸ் வைத்தாயா?" என்றார். வைத்திருந்தோம், மனமார வைத்திருந்தோம். அந்த வளையத்துக்குள் சிறு உருளைகள் இருக்கின்றன. முன்னால் சுழலும்போது அவை தளர்ந்து வழிவிடும். பின்னால் திருப்பினால் சரிவில் போய்ச் சிக்கி ஆப்பு வைத்ததுபோல் இறுகும். கெட்டிக் கிரீஸில் முழுகினால் சிக்க வேண்டிய உருளைகள் வழுக்கிக்கொண்டு போகும். இரவு இரண்டு மணிக்குக் கைப்பிடி பின்னால் சுழன்ற மர்மம் இதுதான். கழுவித் துடைத்து, ஊசி முனையில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் தொட்டு வைத்தோம். பூட்டிப் பார்த்ததும் 'டக்' என்று நின்றது. நம்முடைய சொந்தத் தயாரிப்பான வியாதி இவ்விதம் தீர்ந்தது. மூல வியாதி பாக்கி இருந்தது.

"இப்போது சுற்று. திருப்புளியின் நுனியை அதன் வயிற்றில் வை. பிடியைக் காதில் வை."

வைத்தோம். இரும்பு வழியாகச் சத்தம் காதுக்குள் வந்து விழுந்தது. பற்சக்கரங்கள் இருக்கும் இடத்தில் மெல்லிய இரைச்சல். கைப்பிடிப் பக்கத்துப் பேரிங்கில் கற்கள் உருளும் கடகடப்பு. அதைக் கழற்றி விளக்குக்கு நேராகப் பிடித்தோம். குண்டுகளுக்கு நடுவில் செம்மண் நிறத்தில் துரு. பேரிங் உட்கார்ந்திருந்த குழியின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பொருக்குத் தட்டியிருந்தது. கம்பி வளையத்தின் சிறு உருளையும் அதே வெள்ளைப் பொருக்கால் பூட்டுண்டு அசையாமல் கிடந்தது. ரிங் பிரேமில் நூலைக் கதிருக்குக் கொண்டுபோகும் டிராவலர் என்னும் சின்ன வளையம் செய்யும் வேலையைத்தான் ரீலில் இந்த உருளை செய்கிறது என்று தகப்பனார் சொல்லுவார். அது சிக்கினால் அதன்மேல் ஓடும் நரம்பு தேய்ந்து நார் நாராய்ப் போய்விடும்.

இடது கையை நீட்டி, அந்தப் பொருக்கில் கொஞ்சம் விரலால் தொட்டு எடுத்தார். நாக்கில் வைத்தார். பிறகு நம்மைப் பார்த்தார்.

"கண்மாயில் ஏது உப்பு?"

இனிமேல் நேயர்களிடமும் மறைப்பதற்கில்லை. 2019-ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில் தகப்பனார் தேனியில் உள்ள நம் தமக்கையின் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் தங்கியிருந்தார். அந்தச் சமயத்தில், உடன் வேலை பார்க்கும் நண்பர்கள் இருவருடன் மண்டபத்துக்குப் போனோம். போகும்போது, அவரைக் கேட்காமல், நீலப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனோம். கடல் மீன் ஒன்று கவ்வியது. நாம் அந்த மீனைப் பார்க்கவேயில்லை. சுருள் அலறிய சத்தத்தைத்தான் கேட்டோம். நண்பர்கள் "சுற்று, சுற்று!" என்று கூவினார்கள், நாமும் பைத்தியம் பிடித்தவர்போல் சுற்றினோம். முடிவில் நரம்பு அறுந்து மீன் போய்விட்டது. கை தவறி ரீல் ஒரு முறை அலையிலும் மணலிலும் முழுகி எழுந்தது. இரவு பஸ்ஸில் திரும்பி வந்து, அலுப்பில், அப்படியே பெட்டியில் வைத்து மூடினோம். நாளைக்குக் கழுவிக்கொள்ளலாம் என்று எண்ணினோம். அடுத்த மாதம் அம்மா படுத்துவிட்டாள். அந்த நாளை வரவேயில்லை.

இவ்வளவையும் அவரிடம் சொன்னோம். நாற்பத்தாறு வயதில் தகப்பனாரிடம் திருட்டை ஒப்புக்கொள்வது, பத்து வயதில் ஒப்புக்கொள்வதைவிட எவ்விதத்திலும் சுலபமாக இல்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் விடியற்கால மணி அடித்தது. வெகுநேரம் கழித்து, "நல்ல தண்ணீரில் ஒரு தரம் கழுவி வைத்திருக்கலாம்" என்றார். பிறகு, "எவ்வளவு தூரம் இழுத்தது?" என்று கேட்டார்.

"சுருளில் பாதிக்கு மேல் இழுத்துவிட்டது, அப்பா."

"ம்" என்றார். முகத்தில் சற்றே பொறாமை தெரிந்தது என்று எழுதினால் தவறில்லை.

பேரிங்கின் உள்விட்டம் 7 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 14. டவுனில் ஒரு பேரிங் கடையில் காட்டியதும், "பொம்மைக் காருக்குப் போடுவதல்லவா, சார்?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார். சிறு உருளையை வெந்நீரில் ஊறவைத்து உப்பைக் கரைத்தோம். அது தானாகவே உருள ஆரம்பித்தது. டிராக் வில்லைகளைத் துடைத்துக் காய வைத்தோம். பழைய நரம்பை எறிந்துவிட்டுப் புதிதாக 150 மீட்டர் வாங்கினோம்.

இந்த ரீலின் பூர்வீகத்தைப் பற்றிப் புத்தகங்களில் தேடிப் படித்ததும் அந்த வாரத்தில்தான். தூண்டிலுக்கு உருளை வைத்துக் கட்டும் வழக்கம் மிகப் பழையது. 1195-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் சீன தேசத்துச் சித்திரம் ஒன்றில், மா யுவான் என்னும் ஓவியர், குளிர்கால ஏரியில் தனியாகப் படகில் உட்கார்ந்து உருளை வைத்த தூண்டில் போடும் ஒருவரை வரைந்திருக்கிறார். ஆனால் அந்த உருளைகளெல்லாம் கிணற்று ராட்டினம் போல் உருண்டுதான் நரம்பை விட்டன. வீசினால் உருளை உருள வேண்டும். நரம்பைவிட அது வேகமாக உருண்டுவிட்டால் குருவிக் கூடு போலச் சிக்கல். ஸ்காட்லாந்தில் மல்லாக் என்பவர் 1884-இல் வீசும் சமயத்துக்கு மட்டும் உருளையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள ஏற்பாடு செய்தார். உருளையே உருள வேண்டாம், நிற்கட்டும், நரம்பு அதன் முனை வழியாக நழுவட்டும் என்னும் ஏற்பாட்டுக்கு 1905-இல் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தில் பிராட்போர்டு நகரத்து ஆல்பிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த். பிராட்போர்டு கம்பளி ஆலைகளுக்குப் பேர் போன ஊர். இல்லிங்வொர்த் ஓர் ஆலை முதலாளி. நூற்பு யந்திரத்தில் கண்டின் முனையிலிருந்து நூல் தடையில்லாமல் நழுவுவதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை உதித்தது என்கிறார்கள்.

பெரிய கண்டுபிடிப்பாக இதைத் தகப்பனாரிடம் போய்ச் சொன்னோம்.

"மில்காரன்தானே? வேறு யாருக்குத் தோன்றும்!" என்று சொல்லிவிட்டு அவர் பத்திரிகையைப் புரட்டினார். முதலாளிக்குத் தோன்றியது என்றதை மட்டும் அவர் நம்பவில்லை. எவனோ ஒரு பிட்டர் சொல்லியிருப்பான் என்பது அவருடைய கட்சி. அதற்கு நம்மிடம் சாட்சியம் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் பரீட்சை வைத்தோம். ஈயக் குண்டைக் கட்டி வீசியதும் அது நாற்பது கஜத்துக்கு அப்பால் புல்லில் போய் விழுந்தது. காவல்காரர் சைக்கிளை நிறுத்தி, "புல்லில் என்ன மீன் அகப்படும், சார்?" என்று விசாரித்துவிட்டுப் போனார். கைப்பிடி சத்தமின்றிச் சுழன்றது. நரம்பு முறுக்கின்றி ஏறியது. டிராக்கை எவ்வளவு இறுக்குவது என்பதில் மட்டும் அபிப்பிராய பேதம் உண்டாயிற்று. கை சொல்லும் என்பது தகப்பனாரின் வழி. நாம் பரிசோதனைச் சாலையைத் திறந்து சுருள்வில் தராசைக் கொண்டுவந்தோம். நரம்பு 5 கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. நரம்பின் பலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் சுருள் வழுக்க வேண்டும் என்பது கணக்கு. தராசில் ஒன்றரைக் கிலோ காட்டும்போது வழுக்கும்படி திருகை வைத்தோம். தகப்பனார் நரம்பை இடது கையால் ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

"தராசு சரியாகத்தான் சொல்லுகிறது" என்றார். சர்வகலாசாலைக்கு அவர் கொடுத்த முதல் நற்சாட்சிப் பத்திரம் அதுதான்.

யானைமலை தெரியும் ஒரு கண்மாய்க்கு மறுவாரம் போனோம். மீன்பாசி ஏலம் எடுத்தவர் தகப்பனாருக்குப் பழைய பரிச்சயம், "உங்களுக்கு இல்லாததா, ஐயா?" என்று சொல்லி அனுமதி கொடுத்தார். தண்ணீர் கரை தொட்டு நின்றது. கம்பைப் பூட்டி, தூண்டிலைக் கட்டி, அவர் கையில் கொடுத்தோம். இடது கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு வலது கையைக் கைப்பிடிக்குக் கொண்டுபோனார். விரல்கள் நடுங்கின. கைப்பிடியின் குமிழ் இரண்டு முறை நழுவிற்று. நாம் கண்மாய்க்கு அப்பால் இருந்த பனைமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கம்பை நம்மிடம் நீட்டினார். "கைப்பிடியைக் கழற்றி இந்தப் பக்கம் மாட்டு. வலது கை முன்னைப் போல இல்லை. ஆறு மாதமாகவே பிடிமானம் இல்லை" என்றார்.

இந்த ரீல்களில் கைப்பிடியை எந்தப் பக்கத்திலும் மாட்டலாம். இட்லித் தட்டு இரவிலேயே மறுபக்கத்து மூடியைக் கழற்றி அதை நாம் தெரிந்துகொண்டிருந்தோம். ஆனால் நாமாக அதைச் சொல்ல வாய் வரவில்லை. மூடியை இந்தப் பக்கமும் கைப்பிடியை அந்தப் பக்கமும் மாற்றி மாட்ட ஒரு நிமிஷம் பிடித்தது. கம்பின் அடியை வலது முழங்கைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் சுற்றிப் பார்த்தார். முதலில் கொஞ்சம் தடுமாறினார். பிறகு பழகிவிட்டது.

வீசுவதை மட்டும் நாம் செய்தோம். மூன்றாவது வீச்சில் கரையோரத்து நாணல் பக்கமாகத் தண்ணீர் செந்நிறமாய்க் கலங்கியதைத் தகப்பனார்தான் முதலில் கண்டார். விரால் குஞ்சுகள்! நூற்றுக்கணக்கில் ஒரு பாய் விரித்தாற்போல் மேலெழும்பி, மூச்சு வாங்கி, ஒன்றாய் அமிழ்ந்தன. அவற்றுக்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்தச் சமயத்தில் எதை வீசினாலும் குஞ்சைக் காக்கிற வெறியில் பாய்ந்து கவ்வும். பிடிப்பது வெகு சுலபம். பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சுகளும் மற்ற மீன்களுக்கு இரையாகும். தகப்பனார் மளமளவென்று நரம்பைச் சுற்றி எடுத்துவிட்டார். அதன் பிறகு தூண்டில் போடவில்லை. வெயில் ஏறும் வரையில் கரையில் உட்கார்ந்து குஞ்சுகள் எழும்புவதையும் அமிழ்வதையும் பார்த்துவிட்டு எழுந்தோம். சைவ நேயர்களுக்குக் கொடுத்த வாக்கு இவ்விதம் நிறைவேறிற்று.

வீட்டுக்கு வந்ததும் அவர் நேரே கொல்லைக் குழாய்க்குப் போனார். குழாயை மெல்லியதாகத் திறந்து, ரீலை இடது கையில் பிடித்து, நாலா பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"கண்மாய்த் தண்ணீரில் உப்பு இல்லையே, அப்பா!" என்றோம்.

"இல்லைதான்" என்றார். கழுவி முடித்து நம்மிடம் கொடுத்தார். "துடைத்துவிட்டு, டிராக்கைத் தளர்த்திப் பெட்டியில் வை. இறுக்கியே வைத்தால் வில்லை அமுங்கிப்போகும்."

துடைத்தோம், தளர்த்தி வைத்தோம். பெட்டி இப்போது பரணில் இல்லை. கூடத்து அலமாரியில் இருக்கிறது.